ஏப்ரல் 4-க்கு முன்பும் நாட்கள் இருந்தன

மதிப்புக்குரிய இலங்கைப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

2019 ஏப்ரல் 21-இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைப் பற்றி நீங்கள் எப்போது பேசினாலும் கதை அதே ஆண்டு ஏப்ரல் 4-இல்தான் தொடங்குகிறது. அன்று, பின்னர் அந்தத் தாக்குதலை முன்னின்று நடத்திய சஹ்ரான் ஹாஷிமின் பெயரோடு இந்தியாவின் எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 11-இல் பொலிஸ் மேலிடத்திலிருந்து போன கடிதம் பிரமுகர்களைக் காக்கும் பிரிவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தேவாலயங்களுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. இந்த அலட்சியத்துக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டுமென 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. ஆனால் அது கடைசி 17 நாட்களின் கணக்கு.

மட்டக்களப்பிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கதை 2017 மார்ச் 10-இல் தொடங்குகிறது. காத்தான்குடி அலியார் சந்தியில் சூபி வழியைப் பின்பற்றுவோரோடு சஹ்ரானின் ஆட்கள் மோதினார்கள். அவர் தலைமறைவானார். ஆள்தான் மறைந்தாரே தவிர குரல் மறையவில்லை. பேச்சுகள் இணையத்தில் வந்துகொண்டே இருந்தன, அதுவும் பச்சைத் தமிழில். ஊர் முஸ்லிம்களே முறைப்பாடு செய்தார்கள். அவரைத் தேடிக்கொண்டிருந்த பயங்கரவாத விசாரணைப் பிரிவின் தலைவர் 2018 அக்டோபரில் வேறொரு வழக்கில் கைதானார். அந்த வழக்கின் சரி பிழை எனக்குத் தெரிய வேண்டியதில்லை. சஹ்ரானின் கோப்பு யார் மேசையில் கிடந்தது என்பதுதான் என் கேள்வி.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது எங்கள் மாவட்டத்து வவுணதீவில் நடந்தது. 2018 நவம்பர் 30 அதிகாலை, சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். பழி உடனே முன்னாள் புலிகள்மேல் விழுந்தது. முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். கொன்றது சஹ்ரானின் கூட்டம் என்பது, ஈஸ்டர் குண்டுகள் வெடித்த பிறகே வெளிவந்தது. அந்த மனிதரும் அதன் பிறகே வீட்டுக்கு வந்தார்.

இடைப்பட்ட மாதங்களில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் உடைந்தன. வனாத்தவில்லுவில் தென்னந்தோட்டமொன்றில் ஏறத்தாழ 100 கிலோ வெடிபொருள் அகப்பட்டது. வவுணதீவையும் இவற்றோடு சேர்த்துப் பார்த்திருந்தால் ஒரே கையின் வேலை என்று தெரிந்திருக்கும். பழக்கப்பட்ட எதிரி ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபடியால் எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. எங்கள் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் செத்ததை அந்தப் பழக்கத்திலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

சதியா, அலட்சியமா என்று நீங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடுங்கள், விசாரணை நடக்கட்டும். அடுத்த விவாதத்தில் ஒரேயொரு கோப்பையாவது சபைக்கு வரவழையுங்கள்: வவுணதீவுக் கொலையைச் செய்தது முன்னாள் புலிகள்தான் என்று யார், எந்தச் சான்றை வைத்து முடிவெடுத்தார்கள்?

இப்படிக்கு,
மட்டக்களப்பு மாவட்ட வாக்காளர் ஒருவர்