ஜெனரேட்டரோடு டீசல் செலவையும் அனுப்புங்கள்: உக்ரைன் ஊராட்சிகளுக்கு உதவும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

உக்ரைனின் கிராமங்களுக்குப் பொருளும் பணமும் அனுப்பும் தொண்டு நிறுவனங்களுக்கும், நட்பு நகரக் குழுக்களுக்கும், கொடையாளர்களுக்கும் வணக்கம்.

உள்ளாட்சி நிதியிலும் கிராமக் குடிநீர்ப் பணியிலும் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்கள் உதவி பெரிது, அதில் எங்களுக்கு ஐயமில்லை. கேட்பது ஒன்றுதான். ஓர் இயந்திரத்தை அனுப்பும்போது அதை இரண்டு ஆண்டு ஓட்டுவதற்கான செலவையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டுக்கும் பணம் போதாதென்றால் இயந்திரங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இப்படிக் கேட்பதற்கான காரணம் அந்த ஊராட்சிகளின் வரவு செலவிலேயே இருக்கிறது.

2014இல் தொடங்கிய அதிகாரப் பரவலாக்கச் சீர்திருத்தத்தின் ஊராட்சி இணைப்புப் பணி 2020இல் நிறைவடைந்தபோது, உக்ரைனின் பல ஆயிரம் சிறு கிராம மன்றங்கள் 1,469 கூட்டு ஊராட்சிகளாக இணைந்தன. அவற்றை ஹ்ரொமாடா என்கிறார்கள். கிராமப்புற ஹ்ரொமாடா ஒன்றில் பத்து இருபது ஊர்கள் இருக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர், மன்றம், ஊர்த் தொகுதிக்கு ஒரு பொறுப்பாளர் (ஸ்தாரொஸ்தா) என்ற அமைப்பு. பள்ளிக் கட்டடம், மழலையர் பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையக் கட்டடம், குடிநீர், தெருவிளக்கு, ஊர்ச்சாலை, குப்பை, கல்லறை எல்லாம் அவர்கள் பொறுப்பு. போர் வந்தபின் இடம்பெயர்ந்தோர் தங்குமிடம், பதுங்கிடம், சேதமான வீடுகளைப் பார்வையிடும் குழு, படைவீரர் குடும்பங்களுக்கான உதவி ஆகியவையும் அதே பத்துப் பதினைந்து ஊழியர்களின் தலையில் ஏறின.

இவர்களின் வருமானத்தில் முதலிடம் சம்பளத்தின் மீதான வருமான வரிக்கு. வரி 18 விழுக்காடு, அதில் 64 விழுக்காடு ஊராட்சிக்கு வருகிறது. தொழிலாளி எந்த ஊரில் வசிக்கிறார் என்பது கணக்கில் வராது, சம்பளம் கொடுப்பவர் எங்கே பதிவாகியிருக்கிறார் என்பதே கணக்கு. எனவே ஊரிலுள்ள தானியக் கிடங்கோ பால் பண்ணையோ குண்டுவீச்சில் மூடினால், மறுமாதமே பள்ளியின் கரண்ட் பில்லுக்கு இடிக்கிறது. அடுத்த வருமானம் நிலம். நிலவரி, உழவர்கள் கட்டும் ஒற்றை வரி, குத்தகைப் பணத்தில் பிடிக்கும் வருமான வரி என மூன்று வழிகளில் அது வரும். கண்ணிவெடி புதைந்த வயலில் உழவு இல்லை, உழவில்லாத நிலத்துக்குக் குத்தகையும் இல்லை. போர் நடக்கும் பகுதி நிலங்களுக்கு 2022 மார்ச்சில் சட்டமே வரிவிலக்கு அளித்தது. உழவருக்கு அது நியாயம்தான். ஆனால் அந்த வரியை நம்பியிருந்த ஊராட்சிக்கு அதே அளவில் பள்ளம் விழுந்தது.

படை முகாம் இருந்த ஊராட்சிகளுக்கு 2022இலும் 2023இன் பெரும்பகுதியிலும் வீரர்களின் சம்பள வரியிலிருந்து நல்ல வருமானம் வந்தது. 2023 நவம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அக்டோபர் 1 முதலான அந்த வரியை நடுவண் அரசின் பாதுகாப்புச் செலவுக்கு மாற்றிவிட்டது. நாடு போரில் இருக்கையில் அந்த முடிவைக் குறைசொல்ல முடியாது. எனினும் பழைய ஆண்டறிக்கையைப் பார்த்து "இந்த ஊருக்கு வசதி இருக்கிறது" என்று கணக்கிடும் கொடையாளர்கள் இந்த மாற்றத்தைக் கவனிக்க வேண்டும். 2022, 2023 வரவு எண்களை வைத்து எந்த ஊராட்சியையும் எடைபோட வேண்டாம்.

சமன்செய்யும் மானியம் ஒன்று உண்டு. தலைக்கு இவ்வளவு என்ற வரி வருமானக் குறியீடு நாட்டுச் சராசரியில் 0.9க்குக் கீழ் போனால் குறையில் 80 விழுக்காட்டை நடுவண் அரசு தரும். 1.1க்கு மேல் போனால் உபரியில் பாதியை எடுத்துக்கொள்ளும். கல்வி மானியமும் வருகிறது, ஆனால் அது ஆசிரியர் சம்பளத்துக்கு மட்டுமே. வகுப்பறையைச் சூடேற்றுவதும், துப்புரவாளர், சமையலர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஆகியோரின் சம்பளமும் ஊராட்சியின் சொந்தப் பணம். சுகாதார நிலையத்திலும் இப்படித்தான். மருத்துவச் சேவைக்குத் தேசிய சுகாதார நிறுவனம் பணம் தரும், கட்டடத்தின் மின்சாரத்துக்கு ஊராட்சி கட்ட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், சம்பளத்தையும் மின்கட்டணத்தையும் எரிபொருளையும் கழித்தபின் மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

மிஞ்சியதையும் நினைத்தவுடன் செலவழிக்க முடியாது. ஊராட்சியின் கணக்கு வங்கியில் இல்லை, அரசுக் கருவூலத்தில் இருக்கிறது. அமைச்சரவையின் 2021 ஜூன் 9ஆம் தேதியிட்ட 590ஆம் எண் தீர்மானம் போர்க்காலத்தில் எந்தச் செலவுச் சீட்டு (பணம் வழங்கும் ஆணை) முதலில் போகும் என்று வரிசை வகுத்திருக்கிறது. பாதுகாப்பு முதலில். பிறகு சம்பளம், உணவு, மருந்து, மின்சாரம் போன்ற அன்றாடச் செலவுகள். கட்டுமானமும் பெரிய கொள்முதலும் நிலுவையைப் பார்த்துத்தான் நகரும். கணக்கில் பணம் இருந்தும் ஒப்பந்தக்காரருக்குச் சீட்டு வாரக்கணக்கில் தேங்குவது இதனால்தான். "இணைநிதியாக 20 விழுக்காடு நீங்கள் போடுங்கள், 60 நாளில் செலவுச் சான்று அனுப்புங்கள்" என்று நிபந்தனை வைக்கும் கொடையாளர்கள் இந்த வரிசையை மனதில் கொள்ள வேண்டும். சிறு ஊராட்சியிடம் இணைநிதி கேட்பதைக் கைவிடுவதே நல்லது. கேட்டே ஆக வேண்டுமென்றால் ஊழியர் உழைப்பையும் இடத்தையும் இணைநிதியாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டரில்தான் நல்ல எண்ணம் அதிகமாக வீணாகிறது. 2022 அக்டோபர் 10 முதல் மின்கட்டமைப்பின் மீது தொடர் தாக்குதல் நடந்ததிலிருந்து ஆயிரக்கணக்கில் ஜெனரேட்டர்கள் அனுப்பப்பட்டிருக்கின்றன. கிராமத்தில் அவற்றுக்கு முதல் வேலை குடிநீர். உக்ரைனியக் கிராமத்தின் வழக்கமான ஏற்பாடு ஓர் ஆழ்துளைக் கிணறு, அதில் நீர்மூழ்கி பம்ப், பக்கத்தில் ரோஷ்னோவ்ஸ்கி கோபுரம் எனப்படும் எஃகு மேல்நிலைத் தொட்டி. பம்பின் பெயர்ப்பலகையில் 6-10-110 என்று இருந்தால் 6 அங்குலக் குழாய்க்கிணற்றுக்கானது, மணிக்கு 10 கனமீட்டர் இறைக்கும், 110 மீட்டர் ஏற்றும் என்று பொருள். மோட்டார் 5.5 கிலோவாட், மூன்று ஃபேஸ்.

சிங்கிள் ஃபேஸ் பெட்ரோல் ஜெனரேட்டர் இந்த மோட்டாரை ஓட்டாது. அதன் மேல் 5 கிலோவாட் என்று எழுதியிருந்தாலும் ஓட்டாது. அலுவலக விளக்குக்கும் செல்போன் சார்ஜுக்கும் மட்டும் அது பயன்படும். மூன்று ஃபேஸ் இயந்திரமாக இருந்தாலும் அளவு பொருந்த வேண்டும். நேரடியாகத் தொடங்கும் மோட்டார் முதல் நொடிகளில் ஓட்ட மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 10 கேவிஏ (ஜெனரேட்டர் திறனின் அளவு) இயந்திரத்தில் அப்போது மின்னழுத்தம் சரியும், மோட்டார் சுழலாமல் முனகும், பாதுகாப்பு ரிலே சரியில்லையென்றால் சுருள் எரியும். எரிந்த மோட்டாரை வெளியே எடுக்கக் கிரேன் வேண்டும், குழாயை ஒவ்வொரு நீளமாகக் கழற்ற வேண்டும். அதனால் 5.5 கிலோவாட் பம்புக்கு 20 முதல் 25 கேவிஏ தேவை. மோட்டாரை மெதுவாகத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால் அதைவிடச் சிறிய இயந்திரம் போதும். ஸ்டார்ட்டரின் விலை ஜெனரேட்டரின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

பெரியதாகக் கொடுத்தால் பாதுகாப்பு என்று 60 கேவிஏ அனுப்புவதும் தவறு. பம்ப் எடுப்பது ஏறக்குறைய 7 கிலோவாட். 60 கேவிஏ டீசல் இயந்திரத்துக்கு அது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு சுமைதான். சுமை 30 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் ஓடும் டீசல் எஞ்சின் சூடேறாது, எரியாத எரிபொருளும் கரியும் புகைக்குழாயில் படியும், எண்ணெய் கெடும். எஞ்சின் விரைவில் தளர்ந்துவிடலாம். எரிபொருளும் தேவைக்கு மேல் குடிக்கும்.

செலவுக் கணக்கையும் பாருங்கள். 500 பேர் உள்ள ஊருக்குத் தலைக்கு 100 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 50 கனமீட்டர். மணிக்கு 10 என்றால் 5 மணி நேர ஓட்டம். பொருத்தமான அளவுள்ள இயந்திரம் இந்தச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் எடுக்கும். மின்சாரமே இல்லாத மாதம் வந்தால் 450 லிட்டர். லிட்டர் 55 ஹிரிவ்னியா (உக்ரைன் நாணயம்) என்று வைத்துக்கொண்டால் 24,750. 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 8,000 ஹிரிவ்னியா. ஒருவரின் அந்தச் சம்பளத்திலிருந்து ஊராட்சிக்கு வரும் வரிப்பங்கு ஏறக்குறைய 922. ஆக 27 தொழிலாளரின் ஒரு மாத வரி, ஒரே ஒரு கிணற்றின் டீசலுக்குப் போகும். பதினைந்து ஊர்களுள்ள ஹ்ரொமாடாவுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். இலவசமாக வந்த ஜெனரேட்டர்கள் சில ஊர்களில் பூட்டிக் கிடப்பதற்கு அலட்சியம் காரணமில்லை, இந்தக் கணக்குதான் காரணம்.

பராமரிப்பையும் சேருங்கள். புது எஞ்சினுக்கு முதல் எண்ணெய் மாற்றம் 50 மணி நேரத்தில், அதாவது பத்தாம் நாளே. பிறகு 250 மணிக்கு ஒருமுறை. மேலே சொன்ன ஓட்டத்தில் அது ஐம்பது நாளுக்கு ஒருமுறை. எண்ணெய் 6-8 லிட்டர், எண்ணெய் வடிகட்டி, எரிபொருள் வடிகட்டி, காற்று வடிகட்டி வேண்டும். உள்ளூரில் கிடைக்காத மாதிரியை அனுப்பினால் பத்து செட் வடிகட்டிகளும் கூடவே வர வேண்டும். செப்டம்பரில் நிரப்பிய கோடை டீசல் டிசம்பர்ப் பனியில் மெழுகாகி வடிகட்டியை அடைக்கும். குளிர்கால டீசல் வாங்கும் பணம் அக்டோபருக்குள் கையில் இருக்க வேண்டும். வெளி மின்கம்பியைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சும் பூமி இணைப்பும் இல்லாமல் இணைத்தால், மின்சாரம் கம்பிவழியே வெளியே பாய்ந்து லைனை சரிசெய்யும் ஊழியரின் உயிரைப் பறிக்கும். பதுங்கிடத்துக்குள்ளோ மூடிய அறையிலோ ஜெனரேட்டர் வைக்கவே கூடாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும் வாயு, மணம் இல்லாதது.

குளிர்காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரோஷ்னோவ்ஸ்கி கோபுரத்துக்குப் பெரும்பாலும் வெப்பக் காப்புறை கிடையாது. கிணற்று நீர் கொண்டுவரும் வெப்பமும் இடைவிடாத நீர் ஓட்டமுமே அதை உறையாமல் காக்கின்றன. கடும் பனியில் பம்ப் நெடுநேரம் நின்றால் உட்சுவரில் பனிப்படலம் தடிக்கும், பிறகு கழன்று விழுந்து நீர்மட்ட உணரியை உடைக்கும். உணரி போனால் பம்ப் நிற்காமல் ஓடித் தொட்டி வழியும், வழிந்த நீர் கோபுரத்தின் மேல் பனிச்சுமையாக ஏறும். எனவே 5 மணி நேர ஓட்டத்தை ஒரே மூச்சில் முடிக்காமல் நாள் முழுக்கப் பிரித்து ஓட்ட வேண்டும். இரவில் அதற்கு ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள்தான் இப்போது கிடைப்பதில்லை. பம்ப் இயக்குநர், எலெக்ட்ரீஷியன், டிராக்டர் ஓட்டுநர் எல்லாரும் படைக்கு அழைக்கப்படும் வயதினர். முக்கிய நிறுவனம் என்ற தகுதி பெற்றால் அழைப்புக்குரிய ஊழியரில் பாதிப் பேரைப் பொதுவாகப் படை அழைப்பிலிருந்து விலக்கி வைக்கலாம். இரண்டே பேர் உள்ள குடிநீர்ப் பிரிவில் பாதி என்பது ஒருவர். பயிற்சிக்குப் பணம் தாருங்கள், குறிப்பாகப் பெண்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் பம்ப், ஜெனரேட்டர் இயக்கப் பயிற்சி. அது எந்த இயந்திரத்தையும்விட நீண்ட நாள் பயன்படும்.

ஆவண வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நன்கொடைப் பொருள் எல்லை கடக்கும்போது மனிதநேய உதவிக்கான மின்பதிவு முறையில் பதிவாகிறது. ஊராட்சி அதை ஏற்புச் சான்றிட்டுத் தன் சொத்துக் கணக்கில் ஏற்ற வேண்டும், மதிப்பைச் சிறப்பு நிதிப் பிரிவில் பொருளாகப் பெற்ற வருவாய் என்று கருவூலத்துக்குக் காட்ட வேண்டும். இதற்கு விலைப்பட்டியல், வரிசை எண், தொழில்நுட்ப ஆவணம் ஆகியவை தேவை. "விலை இல்லை, அன்பளிப்பு" என்று எழுதி அனுப்பினால் கணக்காளர் மதிப்பீட்டுக் குழு கூட்ட வேண்டியிருக்கும். அடுத்தது, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பல ஊர்களில் குடிநீரை நடத்துவது மன்றத்துக்குச் சொந்தமான தனி நிறுவனம், அதற்கு வேறு கணக்கு. ஜெனரேட்டரை மன்றத்தின் பெயரில் கொடுத்துவிட்டு டீசலைக் குடிநீர் நிறுவனம் வாங்கினால், பிறர் சொத்துக்குச் செலவு செய்ததாகத் தணிக்கையில் கேள்வி வரும். முதலிலேயே ஓட்டுபவரின் பெயருக்குக் கொடுங்கள்.

பணமாகக் கொடுத்தால் கொள்முதல் விதி பொருந்தும். 2022 அக்டோபரில் வந்த 1178ஆம் எண் தீர்மானத்தின்படி 1,00,000 ஹிரிவ்னியாவுக்கு மேற்பட்ட பொருளுக்குப் பொதுவாக புரோசோரோ என்ற அரசு இணையக் கொள்முதல் தளத்தில் மின்னேலம் வேண்டும். யாரும் விலைப்புள்ளி தராமல் ஏலம் முடியாமல் போவது உண்டு, மறுபடி அறிவிக்க நாளாகும். வெளிப்படைத்தன்மை எங்களுக்கும் முக்கியம். அந்த நாட்களைத் திட்டக் காலத்தில் சேருங்கள் என்பதே வேண்டுகோள்.

முன்னணிப் பகுதி ஊராட்சிகளுக்கு ஒன்று கூடுதலாக. கருவூலச் சீட்டுக்குத் தலைவர், தலைமைக் கணக்காளர் இருவரின் மின்கையொப்பம் வேண்டும். ஒருவர் வெளியேறினாலோ காயமடைந்தாலோ சம்பளம் நின்றுபோகும். மாற்றுக் கையொப்பதாரர் நியமனம், ஊருக்கு வெளியே தரவு நகல், செயற்கைக்கோள் இணையம், மின்கல அமைப்பு ஆகியவற்றுக்குச் செலவு சிறிது. கொடையாளர் படத்தில் இவை அழகாகத் தெரியாது, அதனால் யாரும் கொடுப்பதில்லை. கொடுங்கள். சில இடங்களில் மன்றத்தின் அதிகாரம் நாடாளுமன்ற முடிவால் படைநிர்வாகத் தலைவரிடம் போயிருக்கும். ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடலாம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊராட்சியிடம் நீண்ட படிவம் கேட்க வேண்டாம். பம்பின் பெயர்ப்பலகைப் படம், கிணற்றின் ஆழம், கடந்த ஆண்டின் மின்சார, டீசல் செலவு, ஓட்டப்போகிறவரின் பெயர், சொத்து யார் கணக்கில் ஏறும் என்ற விவரம் இருந்தால் போதும், ஒரு நல்ல முடிவு எடுத்துவிடலாம். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை ஊராட்சி மன்றம் டிசம்பர் 25க்குள் நிறைவேற்ற வேண்டும், வரைவு நவம்பரில் உருவாகும். டீசலுக்கும் வடிகட்டிக்கும் பயிற்சிக்கும் இவ்வளவு தருகிறோம் என்ற உங்கள் கையொப்பமிட்ட கடிதம் அக்டோபர் முடிவதற்குள் கிடைத்தால், கணக்காளர் அதை வரைவிலேயே சேர்த்துவிடுவார். தொகை சிறிதாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி தவற வேண்டாம்.