சுவரை எடுக்கும் முன் அறைகலன்களை வரையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரவேற்பறை, உணவறை, சமையலறை ஆகிய மூன்றையும் சுவரின்றி ஒரே கூடமாக அமைக்கும் புதிய வீடுகளைப் பாராட்டித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். சிறிய மனையில் கட்டுவோருக்கு இவ்வமைப்பு தரும் விசாலமும் வெளிச்சமும் உண்மையானவை; அவற்றை மறுப்பதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. ஆனால், அகற்றப்படும் சுவர் அதுவரை என்னென்ன வேலைகளைச் செய்துவந்தது, இனி அவற்றை எது செய்யும் என்ற கேள்விக்கு, மேற்கூரைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே விடை கண்டாக வேண்டும் என்பதைக் கட்டுமானத் துறையில் இருப்பவன் என்ற முறையில் வலியுறுத்த விரும்புகிறேன்.

முதலில் சமையலறை. திறந்த கூடத்தைப் புகழ்பெறச் செய்தவர்களுள் ஒருவரான அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட், 1910இல் சிகாகோவில் கட்டி முடிக்கப்பட்ட ரோபி இல்லத்தில், வரவேற்பறைக்கும் உணவறைக்கும் நடுவே கணப்படுப்பை மட்டுமே வைத்தார். ஆயினும் அவ்வீட்டின் சமையலறை பின்பகுதியில் தனியாகவே இருந்தது. 1937இல் மேடிசன் நகரில் முடிக்கப்பட்ட ஜேக்கப்ஸ் இல்லம் போன்ற பிற்கால வீடுகளில்தான் அவர் சமையலிடத்தைக் கூடத்தோடு இணைத்தார். பனி பெய்யும் ஊரில் அடுப்பின் வெப்பம் வீடெங்கும் பரவுவது நன்மை. சித்திரை மாதத்து வேலூரிலோ மதுரையிலோ அதே வெப்பமும், காய்ந்த மிளகாய் தாளிக்கும் நெடியும், மீன் வறுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் சோபாவின் துணியில் போய்ப் படிவதை எந்தக் குடும்பமும் விரும்பாது.

இதற்குச் சிம்னி இருக்கிறதே என்பார்கள். குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளும் சிம்னி வேறு, கரி வடிகட்டியில் சுற்றவிட்டு அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும் சிம்னி வேறு. பின்னது வெப்பத்தையும் நீராவியையும் வெளியேற்றுவதே இல்லை. வெளித்தள்ளும் சிம்னியானாலும் குழாய் அதிக வளைவின்றி வெளிச்சுவரை அடைய வேண்டும்; அதாவது, அடுப்பு மேடை வெளிச்சுவரையொட்டி அமைய வேண்டும். கூடத்தின் நடுவில் தீவு போல் அடுப்பு மேடை அமைப்பது படத்தில் அழகாகத் தோன்றினாலும் நம் சமையலுக்கு ஏற்றதன்று. மேலும், சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிட எடை மிகுந்தது. கசிந்தால் தரையோடு பரவும். குளிர்சாதனத்துக்காகச் சாளரங்களையெல்லாம் மூடிவைக்கும் கூடத்திலேயே அடுப்பும் இருக்குமானால், தரைமட்டத்தையொட்டி வெளிச்சுவரில் ஒரு காற்றுத்துளை அவசியம். என் பரிந்துரை, சமையலிடத்துக்கும் கூடத்துக்கும் இடையே நகரும் கண்ணாடிக் கதவு ஒன்று. திறந்தால் ஒரே கூடம், தாளிக்கும்போது மூடிக்கொள்ளலாம், வெளிச்சமும் குறையாது.

காற்றோட்டத்துக்கு நம் நாட்டிலேயே தெளிவான அளவுகோல் இருக்கிறது. குடியிருப்புகளுக்காக 2018இல் வெளியிடப்பட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில் சாளரம் முதலிய திறக்கக்கூடிய வெளித்திறப்புகளின் பரப்பு வீட்டின் உட்பரப்பில் 16.66 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது. 900 சதுர அடி வீட்டுக்கு அது 150 சதுர அடி. இரண்டு தண்டவாளத்தில் நகரும் கண்ணாடிச் சாளரம் பாதியளவுதான் திறக்கும் என்பதையும் கணக்கில் கொண்டால், ஒரு பக்கம் மட்டும் சாளரம் வைத்த நீண்ட கூடத்தில் திறப்பு இந்த அளவைவிட வெகுவாகக் குறைந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒன்றன்பின் ஒன்றாக அமைந்த பகுதிகள் முற்றத்தின் வழியே வானத்தை நோக்கித் திறந்திருந்தன. அடுப்படியோ கடைசியில் இருந்தது. திறந்த வீடு நமக்குப் புதிதன்று. உள்ளே திறந்துவிட்டு வெளியே மூடிக்கொள்வதுதான் புதிது.

அடுத்தது அறைகலன். வீட்டைக் கட்டி முடித்துக் குடிபோகும் வாரத்தில் கடைக்குச் சென்று சோபா வாங்கும் வழக்கம், அறைகள் பிரிந்த வீட்டில் பெரிய தீங்கு செய்யாது. திறந்த கூடத்தில் அது பெருந்தவறாக முடியும். ஏனெனில் அங்கே பிரிவினையைச் செய்வதே அறைகலன்தான். 28 அடி நீளக் கூடத்தின் நடுவில் ஒரே ஒரு மின்விசிறிக் கொக்கியை வைத்துக் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். பின்னர் சோபா ஒரு கோடியிலும் உணவு மேசை மறுகோடியிலும் அமைய, விசிறி நடைபாதைக்கு மட்டும் காற்று வீசுகிறது. சுவர் குறைந்த வீட்டில் சுவிட்ச் போர்டுக்கும் இடமில்லை. சோபாவின் அருகே மின் இணைப்பு வேண்டுமென்றால் தரையடியில் குழாய் போக வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பின் நினைவுக்கு வந்தால் தரையை உடைக்க வேண்டியதுதான். பீரோ, புத்தக அலமாரி, பூஜை மாடம் ஆகியவையும் முதுகு சாய்க்க ஒரு சுவரைக் கேட்பவை.

இருக்கைகளின் முதுகை உணவிடத்தின் பக்கம் திருப்பிப்போட்டால் அதுவே எல்லையாகிவிடும். இடுப்பளவு உயரத்தில் இரு பக்கமும் பயன்படும் அலமாரி இன்னும் நல்லது. நடப்பதற்கு 3 அடியும், உணவு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து எழ ஏறத்தாழ அதே அளவும் விட்டாக வேண்டும்.

ஓசையைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வழவழப்பான டைல்ஸ் தரை, வெற்றுச் சுவர், கண்ணாடி ஆகிய மூன்றும் மிக்சியின் இரைச்சலையும் தொலைக்காட்சியின் ஒலியையும் எதிரொலித்துப் பெருக்குபவை. பொதுத்தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கும், பகலில் சற்றுக் கண்ணயரும் முதியவருக்கும் இவ்வீட்டில் ஒதுங்க ஓரிடம் வேண்டும். பவானி ஜமக்காளமும் கனத்த பருத்தித் திரையும் புத்தகங்கள் நிறைந்த அலமாரியும் எதிரொலியைக் கணிசமாகக் குறைக்கும். ஆனாலும் கதவுள்ள சிறிய அறை ஒன்றுக்கு அவை ஈடாகா.

ஏற்கெனவே கட்டிய வீட்டில் சுவரை இடிக்க நினைப்போர், அது கூரையின் எடையைத் தாங்கும் சுவரா என்பதைப் பொறியாளரிடம் உறுதி செய்துகொள்ளாமல் கைவைக்கக் கூடாது.

புதிதாகக் கட்டுவோர், மின்பணியாளர் வேலையைத் தொடங்கும் முன்பே, சோபா, மேசை, கட்டில், குளிர்பதனப் பெட்டி அனைத்தையும் உரிய அளவில் வரைபடத்தில் குறித்து, அவ்வளவுகளைத் தரையில் சுண்ணாம்பால் கோடிட்டு, குடும்பத்தார் அனைவரும், குறிப்பாக அன்றாடம் சமைப்பவர், நடந்து பார்க்க வேண்டும். தங்கள் இணைப்பிதழிலும் இத்தகைய வீடுகளின் ஒளிப்படங்களோடு, அறைகலன்கள் அளவுடன் குறிக்கப்பட்ட தரைப்படத்தையும், எந்தத் திசையில் எத்தனை சதுர அடி சாளரம் திறக்கிறது என்ற விவரத்தையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
தஞ்சாவூர்.