செவிப்பறை ஓட்டையை ஜெல் அடைக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் ஹயலுரோனிக் அமிலத்தை 'செவிப்பறை ஓட்டையை அடைக்கும் ஜெல்' என்று எழுதியிருந்தீர்கள். அடைப்பது அதன் வேலையல்ல. அறுவை சிகிச்சையில் ஓட்டையை மூடுவது, காதுக்கு மேலுள்ள தசையின் உறையிலிருந்து எடுத்து வைக்கும் சவ்வும், அதன்மேல் ஊர்ந்து வரும் தோலும்தான்.

1934-இல் மாட்டுக் கண்ணின் கூழிலிருந்து கார்ல் மேயரும் ஜான் பாமரும் பிரித்தெடுத்த பொருள் இது. பெயரில்தான் அமிலம், உடலில் உப்பாக இருப்பதால் எரிக்காது. தண்ணீரைப் பிடித்து வைப்பதே அதன் பலம். விளிம்பு காய்ந்துபோனால் தோல் செல்கள் நகராது, ஈரமிருந்தால் நகரும். ஆனால் பழைய ஓட்டையில் வெளித்தோலும் உட்பக்கச் சளிச்சவ்வும் விளிம்பில் கைகோத்துக்கொண்டிருக்கும். அந்த விளிம்பைச் சுற்றிலும் மெல்லிய வளையமாக உரித்தெடுக்காமல் எதைத் தடவியும் பயனில்லை.

கட்டுரை தொடாமல் விட்டது, செவிப்பறைக்குப் பின்னுள்ள நடுச்செவிக்குள் நடப்பதை. வைத்த சவ்வு உள்ளே சரியாமலிருக்க, அதற்கு அடியில் வழக்கமாக ஜெலட்டின் ஸ்பாஞ்சுத் துண்டுகளை வைப்பார்கள். சளிச்சவ்வு நன்றாக இருந்தால் அது போதும். சளிச்சவ்வு உரிந்து எலும்பு தெரியும் இடத்தில்தான் தொல்லை: கரையும் ஸ்பாஞ்சுக்குள் நார்த்திசு வளர்ந்து, செவிப்பறையை எதிர்ச் சுவரோடு ஒட்டிவிடலாம். ஓட்டை மூடியும் காது கேட்காத கதை இப்படித்தான் வருகிறது. இந்த இடத்தில் ஹயலுரோனிக் அமிலம் இடைவெளி காக்கும் பொருளாக உதவலாம்.

எந்த வடிவம் என்பதும் முக்கியம். நீர்த்த ஜெல் தாங்கிப் பிடிக்காது. யூஸ்டேஷியன் குழாய் வழியே தொண்டைக்கு வடிந்துவிடும். எஸ்டராக, அதாவது மெதுவாகக் கரையும்படி வேதிமுறையில் மாற்றிய தாள் வடிவம் கூடுதல் நாள் நிற்கும். ஆனால் ஈரம் பட்டதும் குழைந்துவிடும் என்பதால், அளவுக்கு வெட்டும் வேலையை உலர்ந்திருக்கும்போதே, உலர்ந்த இடுக்கியால் முடித்துவிட வேண்டும். ரத்தக் கசிவை நிறுத்தாமல் வைத்தால் தாள் கருவியோடு ஒட்டிக்கொண்டு வரும், கூடவே சவ்வும் நகரும். முன்பக்க ஓட்டைகளில் சவ்வு சரிவதற்கு வாய்ப்பு அதிகம். அங்கே இன்னும் கவனம் தேவை. சளிச்சவ்வு பெருமளவு போயிருந்தால் கரையும் பொருளை நம்பாமல் சிலிக்கோன் தகடு வைத்து, இரண்டாம் கட்ட அறுவையில் அதை எடுப்பதே நல்லது.

உட்செவிக்கு மருந்து செலுத்தும் ஊடகமாகவும் இந்த ஜெல் பயன்பட்டிருக்கிறது. ஆகவே ஜென்டாமைசின் போல உட்செவியைக் கெடுக்கும் மருந்தை யோசிக்காமல் அதில் கலக்கக் கூடாது. முகத்துக்குப் பூசும் ஹயலுரோனிக் சீரத்தை ஓட்டைக் காதில் விடவே கூடாது. அதில் வாசனைப் பொருளும் பதனப் பொருளும் இருக்கலாம். அது கிருமி நீக்கப்பட்டதும் அல்ல.

அறுவைக்குப் பின் சில வாரம் காது அடைத்தாற்போல்தான் இருக்கும். உள்ளே வைத்தது கரையாத நிலையில் கேட்கும் திறனைச் சோதித்து, 'தோல்வி' என்று எழுதிவிட வேண்டாம். அதுவரை மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

இப்படிக்கு,
காது அறுவை மருத்துவர் ஒருவர்