டூசானில் தியாவுக்கு முதலில் எதைக் காட்டுவது

நெய்வேலி

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். மார்ச் விடுமுறையில் பேத்தி தியாவை அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள டூசான் பக்கம் கூட்டிப் போவதாகவும், முதல் நாளே விமான மியூசியம் என்றும் போனில் சொன்னாய். அதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. போனில் அவ்வளவும் பேசி முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பக்கத்துச் சுரங்க ஊரான பிஸ்பிக்குப் போ. விமானங்கள் அப்புறம் ஆகட்டும்.

அங்கே உள்ள காப்பர் குவீன் செம்புச் சுரங்கம் 1975-ல் மூடப்பட்டது. மறு வருடமே மக்கள் பார்ப்பதற்குத் திறந்துவிட்டார்கள். மஞ்சள் கோட்டும் விளக்கும் மாட்டிவிட்டு, குட்டி ரயிலில் மலைக்குள் அழைத்துப் போய்க் காட்டும் வேலையை, அங்கே செம்பு வெட்டியவர்களே பல காலம் செய்து வந்தார்கள். சுரங்கத்தை மூடியபோது இருபது வயதில் இருந்தவருக்கே இப்போது எழுபது ஆகிவிட்டது. அப்படி ஒருவர் வாயால் கேட்கும் வாய்ப்பு தியாவுக்குக் கிடைத்தால் அதைத் தவறவிடாதே. பாறையில் எங்கெங்கே துளை போடுவது, நடுவில் உள்ள வெடி முதலில் வெடித்து இடம் விட்டால்தான் சுற்றியுள்ள பாறை உள்பக்கம் சரியும் என்பதையெல்லாம் வேலை பார்த்தவர் சொல்லும்போது கையும் சேர்ந்து பேசும். நான் வேலை பார்த்ததெல்லாம் திறந்தவெளிச் சுரங்கம். ராட்சத இயந்திரம் மேல்மண்ணை வாரும், அடியிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருப்போம், ஆனாலும் தலைக்கு மேலே வானம் இருக்கும். மலைக்குள் இருட்டில் ஒரு ஷிப்ட் முழுக்க நிற்பது என்ன என்பது பிஸ்பியில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே வெயில் எப்படி அடித்தாலும் உள்ளே குளிரும். குழந்தைக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

அந்த ஊரின் இன்னொரு கதையையும் நீதான் அவளுக்குச் சொல்லவேண்டும். 1917 ஜூலை 12 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களும் அவர்கள் பக்கம் நின்றவர்களுமாகச் சுமார் 1,200 பேரை ஷெரிஃப் எனும் உள்ளூர்க் காவல் தலைவரின் ஆட்கள் துப்பாக்கியைக் காட்டி வளைத்தார்கள். மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அவர்களில் பலர் மெக்சிகோவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். இதற்காக யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. தியாவுக்குப் பத்து வயது, புரிந்துகொள்வாள். பிழைக்கப் போன குடும்பம்தானே நம்முடையதும்.

அடுத்த நாள் பிமா விமான மியூசியம். சுமார் 400 விமானங்கள், பெரும்பாலும் வெட்டவெளியில் நிற்கின்றன. காலையில் திறந்ததுமே போய்விடு. ஒலியைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் பறந்த அந்தக் கறுப்பு உளவு விமானம் எஸ்.ஆர். 71 முன்னால் அவளை நன்றாக நிற்க விடு. ஆனால் இவ்வளவு விமானங்கள் ஏன் இந்த ஊரில் வந்து நிற்கின்றன என்று அவளையே யோசிக்கச் சொல். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946 வாக்கில், வேலையில்லாத விமானங்களைப் பக்கத்து விமானப் படைத் தளத்தில் நிறுத்த ஆரம்பித்தார்கள். மழை குறைவு, காற்றில் ஈரம் கிடையாது, துரு ஏறாது. மண்ணுக்கு அடியில் சுண்ணாம்பு இறுகிக் கிடப்பதால், தளம் போடாமலே கனமான குண்டுவீச்சு விமானத்தையும் தரையில் நிறுத்தலாம், சக்கரம் புதையாது. கண்ணாடிகளையும் திறப்புகளையும் வெள்ளைப் பூச்சால் மூடி வெயிலையும் தூசியையும் தடுக்கிறார்கள். சில விமானங்கள் மறுபடி பறக்கப் போகின்றன, பலவற்றைப் பாகம் பாகமாகக் கழற்றிப் பயன்படுத்துகிறார்கள். நம் கடலூர்க் கடற்கரையில் ஒரு இரும்புக் கதவு படும் பாட்டைப் பார்த்தவள் அவள். காரணத்தைத் தானே கண்டுபிடிப்பாள்.

டைட்டன் அணு ஏவுகணைக் கூடத்துக்கு நீயும் கவிதாவும் தியாவின் கூடவே போங்கள். அமெரிக்கா முழுவதும் 54 டைட்டன் 2 ஏவுகணைகள் நிலத்தடியில் காத்திருந்தன, அதில் 18 டூசானைச் சுற்றி. காட்சிக்கு மிச்சம் வைத்தது இந்த ஒரு கூடம் மட்டும். பூமி அதிர்ந்தாலும் ஆடாதபடி கட்டுப்பாட்டு அறையையே பெரிய ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பொறியாளனாக அதைப் பார்த்து நீ அசந்துபோவாய், நானும் அசந்தேன். ஏவுகணையைக் கிளப்பும் சாவியைத் திருப்பிப் பார்க்கச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் யாரையாவது கூப்பிடுவார்கள். தியா கை தூக்குவாள். தூக்கட்டும். ஆனால் இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடு: ஏவுகணையின் முனையில் இருந்த அணுகுண்டு 9 மெகாடன், ஹிரோஷிமாவில் போட்டதைப் போல் சுமார் 600 மடங்கு. உத்தரவு வந்து இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு சாவிகளைத் திருப்பினால், ஒரு நிமிடத்துக்குள் கிளம்பிவிடும். எந்த ஊரில் போய் விழும் என்பது சாவியைத் திருப்புகிறவர்களுக்கே தெரியாது. மேலே வந்ததும் அந்தப் பிரம்மாண்டமான கூரைக் கதவைக் காட்டு. அதைப் பாதி திறந்த நிலையிலேயே நிறுத்திவிட்டார்கள், ஏவுகணை இனிமேல் பறக்காது என்பதைச் சோவியத் செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. இதே டைட்டன் 2 ராக்கெட்தான் 1965, 66-ல் ஜெமினி விண்வெளி வீரர்களைச் சுமந்து போனது. அதையும் சேர்த்தே சொல்.

‘பயோஸ்பியர் 2’ என்ற இடத்துக்கு நேரம் இருந்தால் மட்டும் போனால் போதும். எட்டுப் பேர் 1991-லிருந்து இரண்டு வருடம் கண்ணாடிக் கட்டடத்துக்குள் அடைந்து வாழ்ந்த இடம். ஆக்சிஜன் குறைந்து, வெளியிலிருந்து ஏற்றவேண்டி வந்தது. மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டன, அவை வெளியிட்ட கரியமில வாயுவைக் கான்கிரீட் சுவர் உறிஞ்சிவிட்டது. அந்தக் கணக்கு பிடிபட அவளுக்கு இன்னும் இரண்டு மூன்று வயது ஆகவேண்டும்.

சுரங்கத்துக்கும் டைட்டனுக்கும் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடு, விடுமுறையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். தண்ணீர் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்பியில் ஷிப்ட் எத்தனை மணி நேரம், சாப்பாட்டுக்கு மேலே வருவார்களா, உள்ளேயே சாப்பிடுவார்களா என்று தியாவைக் கேட்கச் சொல். பதிலை அவள் கையாலேயே எனக்கு எழுதி அனுப்பட்டும். கவிதாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா