பம்பை மாற்றுவதற்கு முன் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிக்கொண்டிருக்கும் பெட்ரோல் கார் நடுவழியில் அணைந்துபோகிறது, சற்று ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது என்ற புகாருடன் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் பதில், "பம்ப் போயிடுச்சு சார்" என்பதுதான். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் அந்தப் பம்பைப் பல ஆயிரம் ரூபாய்க்கு மாற்றிய பிறகும் வண்டி நின்றால், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழுவுகிறார்கள். அதற்குப் பிறகும் நின்றால் எத்தனால் கலந்த பெட்ரோல்மேல் பழி விழுகிறது. இத்தனைக்கும் நடுவே எரிபொருளின் அழுத்தத்தை ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை என்பதே, மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்ற என்னுடைய குறை.

இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கமிருந்து ஓரிரு விநாடி ரீங்காரம் கேட்டால் அது சுழல்கிறது என்று தெரியுமே தவிர, போதிய அழுத்தம் தருகிறதா என்பது தெரியாது. சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் இந்த அழுத்தம் ஏறத்தாழ 3 முதல் 4 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்க வேண்டும். துல்லியமான அளவு அந்தந்த மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஷெட்டில் நிறுத்தி அளப்பதும் போதாது. நீளமான குழாய் உள்ள கேஜை (அழுத்தம் காட்டும் கருவியை) மாட்டி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டி, கோளாறு வரும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சின் திணறத் தொடங்கும்போதே முள் சரிந்தால் எரிபொருள் பக்கம் குறை இருக்கிறது. முள் அசையாமல் நிற்க எஞ்சின் மட்டும் அணைந்தால் பெரும்பாலும் தீப்பொறிப் பக்கமோ சென்சார்களையோதான் தேட வேண்டும்.

சூடேறினால் நின்று ஆறினால் ஓடும் குணம் பம்புக்கு மட்டும் உரியதல்ல. எஞ்சின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரும் அப்படியே செய்யும் என்பதால்தான் இவ்வளவு குழப்பம். கியரில் வண்டி இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே ஸ்கேனரில் (காரின் கணினியைப் படிக்கும் கருவியில்) எஞ்சின் சுழற்சி சட்டென்று பூஜ்யம் காட்டினால் சந்தேகம் அந்தச் சென்சார்மேல்தான் விழ வேண்டும்.

முள் சரிந்துவிட்டது என்பதற்காக உடனே பம்பைக் கழற்றவும் தேவையில்லை. எஞ்சின் ஓடும்போது பம்பின் பிளக்கில் வோல்டேஜ் பார்த்தால், தேய்ந்த ரிலேயோ, துருப்பிடித்த எர்த் இணைப்போ, எலி கடித்த ஒயரோ அகப்படலாம். மின்சாரம் முழுதாக வந்தும் அழுத்தம் இல்லையென்றால்தான் பில்டர், அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர், பம்ப் என்று போக வேண்டும். டேங்கிலுள்ள பெட்ரோலே பம்பின் சூட்டைத் தணிக்கிறது என்பதால், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் பழக்கம் அதன் ஆயுளைக் குறைக்கும்.

எத்தனால் பற்றி ஒரு வார்த்தை. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் பாதிக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாள்தோறும் மத்தியான வெயிலில் மட்டும் நிற்கிற வண்டிக்கு அதைக் காரணம் காட்டுவது, அளந்து பார்க்காமல் தப்பிக்கும் வழி. மழைக்காலத்தில் பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டருக்குள் நின்றால் கதை வேறு. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தண்ணீரின் அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து, பம்ப் உறிஞ்சும் அடிப்பகுதியில் தங்கிவிடும். டேங்கின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் சற்று நேரம் வைத்தால் இரண்டு அடுக்காகத் தெரியும். பங்க்கில் முறையிட அந்தப் பாட்டிலும் பில்லும் வேண்டும். எஞ்சின் அணைந்த பிறகும் குழாயில் அழுத்தம் நிற்கும் என்பதால் இதையெல்லாம் வீடியோ பார்த்து வீட்டில் செய்ய வேண்டாம். பெட்ரோல் முகத்தில் பீறிடும்.

எரிபொருள் தொடர்பான எந்தப் பாகத்தை மாற்றினாலும், மாற்றும் முன்னும் பின்னும் இருந்த அழுத்தத்தை ஜாப் கார்டில் எழுதுவதையும், கழற்றிய பாகத்தை உரிமையாளரிடம் திருப்பித் தருவதையும் ஒர்க்‌ஷாப் உரிமையாளர் சங்கங்கள் வழக்கமாக்க வேண்டும். அதுவரை, பம்ப் மாற்றச் சம்மதிக்கும் முன் "எத்தனை பார் இருந்தது?" என்று வாடிக்கையாளர்களே கேட்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்றுநர்,
திருச்சி