சிறுத்தையின் அருமை லயத்து மக்களுக்குத் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த வனவிலங்குப் புகைப்படப் பயணக் கட்டுரையை ஆசையோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். யால தேசியப் பூங்காவுக்குப் போய்ப் படம் எடுப்பவர்களால்தான் சிறுத்தைகள் பிழைத்திருக்கின்றன என்று எழுதியவர், போகிற போக்கில் "தோட்டத்து மக்களுக்கு அவற்றின் அருமை தெரிவதில்லை" என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். நீங்களும் அதை வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். இருபது வருட வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன், அந்த வரி உங்களுக்கு உறுத்தவில்லையா?

நான் மலைநாட்டில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். பொழுது சாய்ந்ததும் அம்மா முதல் வேலையாக நாயை உள்ளே இழுத்துக் கட்டுவார். அப்பா தொழிற்சாலைக்கு இரவு வேலைக்குப் போகும்போது தேயிலைக்குள் இரண்டு கண்கள் மின்னினால், டோர்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு அது பாதையைக் கடக்கும்வரை நிற்பார். யாரும் கல்லெடுத்து நான் பார்த்ததில்லை. கொழுந்து பறிக்கப் போன பெண்களைச் சிறுத்தை தாக்கியதும் உண்டு. மறுநாளும் அதே மலைக்குத்தான் அவர்கள் ஏறினார்கள்.

சுருக்குக் கம்பி வைப்பவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. மரக்கறிப் பாத்தியைக் கிண்டும் பன்றிக்கு வைப்பார்கள், மாட்டுவது சிறுத்தை. 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படி மாட்டிய கருஞ்சிறுத்தையைச் சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அன்று அம்மா தொலைபேசியில் அழுதார். என்னோடு வேலை செய்பவர்களோ "மலைநாட்டில் சிறுத்தை இருக்கிறதா?" என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் சிறுத்தை என்றால் யால மட்டும்தானே.

அந்த யாலவுக்கும் போயிருக்கிறேன், கனடாவிலிருந்து வந்த அத்தான் குடும்பத்தோடு. 979 சதுர கிலோமீற்றர் காடு அது. ஆனால் ஜீப்புகள் நெருக்குவது முதலாம் வலயத்தில். ஒரு சாரதி கண்டதும் மற்றவர்களுக்குத் தொலைபேசியில் சொல்ல, பத்து நிமிடத்தில் முப்பது ஜீப். குட்டியோடு பாதையைக் கடக்க வந்த தாய்ச் சிறுத்தை இரண்டு தடவை முன்னால் வந்து, இரண்டு தடவையும் புதருக்குள் திரும்பிப் போனது. ஒருவர்கூட எஞ்சினை நிறுத்தவில்லை. எங்கள் சாரதியும் முண்டியடித்தார். படம் கிடைக்காவிட்டால் கையில் யாரும் எதுவும் வைப்பதில்லையாம். நானும் அந்த ஜீப்பில்தான் இருந்தேன். இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று. போன வருடம் ஓகஸ்ட் 1, இலங்கைச் சிறுத்தை தினத்தன்று, கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு ஓடும் ஆபிரிக்கச் சிவிங்கிப்புலியின் படத்தைப் போட்டீர்கள். நம் சிறுத்தை இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத துணையினம். அன்றே எழுதினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. மன்னார் வங்காலைக்குப் பூநாரைகள் வரும் காலத்தில் ஒரு கட்டுரை போடுங்கள் என்று கேட்டதற்கும் அதே கதிதான். 2010 முதல் அது ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானதென்று பட்டியலிடப்பட்ட ஈரநிலம்.

படம் எடுப்பவர்கள்மேல் எனக்குப் பகை இல்லை. சரி, இப்போது கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை சிறுத்தைப் படம் போடும்போது, அதன் கீழே வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற அவசரத் தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் போடுங்கள். கம்பியில் மாட்டியதை முதலில் காண்பவர்கள் கொழுந்துக்குப் போகிறவர்கள்தான். எங்கள் தோட்டத்துக் கடையிலும் உங்கள் ஞாயிறு இதழ் கிடைக்கிறது.

இப்படிக்கு,
கொட்டாஞ்சேனை வாசகர்,
கொழும்பு – 13