சட்டம் நிற்கிறது, தையல் விடுகிறது: மடக்கு நாற்காலி தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தயாரிப்பாளர்களே,

வணக்கம். திறந்தவெளியில் விரித்துப் போட்டு அமரும் மடக்கு நாற்காலிகளை வடிவமைப்பவர்கள், செய்பவர்கள், தம் பெயரிட்டு விற்பவர்கள் ஆகிய அனைவருக்கும் இம்மடலை எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். நாற்காலியில் எந்தப் பாகம் முதலில் தேய்ந்து போகிறதோ, அந்தப் பாகத்தை நாங்களே கழற்றி மாற்றும்படி செய்யுங்கள்; அதைத் தனியாகவும் விற்பனைக்கு வையுங்கள்.

என் தந்தை மாலைதோறும் வாசலில் போட்டு அமரும் நாற்காலியைப் பற்றிச் சொன்னால் இதன் காரணம் விளங்கும். குறுக்குக் குழாய்கள் மடங்கி ஒரு கட்டுபோல் ஒடுங்கும் வகையைச் சேர்ந்தது அது. வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், ஒரு மாலை அவர் அமர்ந்தவுடன் இருக்கையின் பின்மூலை ‘சர்’ரென்று விட்டுப்போய், அவர் ஒரு பக்கமாகச் சரிந்தார். கைப்பிடியை எட்டிப் பிடித்துக்கொண்டதால் முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். பிறகு நாற்காலியைப் புரட்டிப் பார்த்தேன். குழாய்கள் வளையவில்லை. துணியில் ஒரு கீறல்கூட இல்லை. குழாயின் நுனியைத் தாங்கும் மூலைப் பையின் தையல் மட்டும் முழுவதுமாக விட்டிருந்தது. அந்த நூலை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தபோது, பழைய காகிதம் உதிர்வதுபோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. துணி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று அதைச் செய்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். தனியாக விற்பதில்லை என்றும் புதிய நாற்காலி வாங்கிக்கொள்ளுமாறும் பதில் வந்தது.

ஒரு முழ நூல் உளுத்துப் போனதற்காகக் கிலோக்கணக்கில் நல்ல இரும்பை எறிந்துவிடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் இம்மடல்.

துணி கெடுவதற்கு முன் நூல் கெடுவதற்குக் காரணம் உண்டு. தையல் நூல் துணிக்கு மேலே புடைத்து நின்று வெயிலை நேராக வாங்குகிறது. துணியில் பல இழைகள் பகிர்ந்து சுமக்கும் பளுவை மூலையில் சில தையல் கண்ணிகளே சுமக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் இழையின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே வருவதால், வெளிப்பார்வைக்கு நிறம் மட்டும் சற்று வெளுத்திருக்க, வலு பாதியாகக் குறைந்திருக்கலாம். வெயில் தாங்கும்படி பதப்படுத்தப்பட்ட தடித்த பாலியெஸ்டர் நூல் இருக்கிறது. வெயிலால் ஏறத்தாழ எந்தப் பாதிப்பும் அடையாத பி.டி.எஃப்.ஈ. (டெஃப்லான் வகை) நூலும் இருக்கிறது. படகுப் பாய்களையும் கூடாரங்களையும் தைப்பவர்கள் இவற்றை நன்கு அறிவார்கள். ஒரு நாற்காலிக்குத் தேவைப்படும் நூலின் அளவு மிகச் சிறிது என்பதால், இதில் மிச்சம் பிடிப்பதன் நியாயம் எனக்குப் புரியவில்லை.

துணியைப் பொறுத்தவரை, உங்கள் அட்டைகளில் ‘600 டெனியர்’ என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். 9,000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராம் என்பதே டெனியர். அது இழையின் பருமனைச் சொல்லுமே தவிர, வெயிலில் எத்தனை காலம் தாங்கும் என்பதைச் சொல்லாது. நிறமாவது வெயிலில் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் அளவுகோல் வேறு: நீலக் கம்பளித் துண்டுகளோடு ஒப்பிட்டு 1 முதல் 8 வரை தரம் தரும் வெளிச்சம் தாங்கும் சோதனை. துணி உருவாகும் ஆலையில் வழக்கமாகச் செய்யும் சோதனைதான் இது. அந்த எண்ணையும் அட்டையில் அச்சிடுங்கள். இழையாக இழுக்கும் கட்டத்திலேயே நிறமி கலந்த அக்ரிலிக் துணியா, பின்னர் சாயம் ஏற்றிய துணியா என்பதையும் குறிப்பிடுங்கள். முன்னது நிறத்தையும் வலுவையும் நெடுங்காலம் காக்கும். நைலானாக இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஈரம் பட்டால் அது நீரை உறிஞ்சித் தொய்யும் என்பதைத் தெரிந்து வாங்குகிறவர் மழையில் வெளியே விட்டுவைக்க மாட்டார். அடிக்கடி நனையும் இடத்துக்கு நாற்காலி தேடுகிறவருக்கோ, பி.வி.சி. பூசிய பாலியெஸ்டர் வலைத்துணியைத்தான் நான் பரிந்துரைப்பேன். நீர் தேங்காமல் வடிந்து, காற்றில் விரைவில் காய்ந்துவிடும்.

குழாய்ச் சட்டத்தின் நோய் வேறு இடத்தில் தொடங்குகிறது. இரும்புக் குழாய்க்கு வெளியே பவுடர் கோட்டிங் பளபளப்பாக இருக்கும். ஆனால் காலடியில் செருகிய ரப்பர் மூடியைக் கழற்றிப் பாருங்கள்: உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியின்றித் தங்கி, குழாயை உள்ளிருந்து அரித்திருக்கும். என் தந்தையின் நாற்காலியில் ஒரு மூடியைக் கழற்றியபோது, பழுப்பு நிறத்தில் ஒரு கரண்டித் தண்ணீர் தரையில் கொட்டியது. மூடியின் அடியில் ஒரு சிறு வடிதுளை இருந்திருந்தால் அந்த நீர் அங்கே நின்றிருக்காது. அடுத்த பலவீனம், இரு குழாய்கள் குறுக்கிட்டு உரசும் கீல். விரித்து மடக்கும் ஒவ்வொரு முறையும் பூச்சு உராய்ந்து, ரிவெட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் தோன்றுகிறது. குழாய்களுக்கிடையே ஒரு நைலான் வாஷர் இட்டால் உரசல் குறையும். ரிவெட்டுக்குப் பதிலாகத் தளராத மரையோடு கூடிய போல்ட் போட்டால் தேய்ந்தபோது மாற்றவும் முடியும்.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று விளம்பரம் செய்கிறவர்கள் முழு உண்மையைச் சொல்வதில்லை. அலுமினியத்தின் மேல் தானாகப் படியும் ஆக்சைடு படலம் அதைக் காப்பது மெய்தான். ஆனால் அதே சட்டத்தில் எஃகுத் திருகு முடுக்கப்பட்டு, கடற்காற்றின் உப்பீரமும் சேர்ந்தால், இரு உலோகங்களும் ஒரு சிறு மின்கலம்போல் இயங்கி, திருகைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிபடும். இரண்டும் நேரடியாகத் தொடாதபடி பிளாஸ்டிக் உறையோ வாஷரோ இடுங்கள். கடலோரப் பயன்பாட்டுக்கென்று விற்பவற்றில் துருவேறா எஃகுப் பாகங்கள், 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கலந்த 316 வகையாக இருக்கட்டும். சாதாரண 304 வகை உப்புக்கு அவ்வளவு ஈடுகொடுக்காது.

எடை பற்றி நீங்கள் எழுதுவதை நான் மிகவும் கவலையோடு படிக்கிறேன். ‘120 கிலோ தாங்கும்’ என்கிறீர்கள். எப்படிச் சோதித்தீர்கள் என்று சொல்வதில்லை. மெல்ல ஏற்றிவைத்த எடையும் ஒரேயடியாக விடப்பட்ட எடையும் ஒன்றல்ல. உயரத்திலிருந்து விழாமல், சட்டென்று விடப்பட்ட அளவிலேயே ஒரு பளு தன் எடையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விசையைச் சட்டத்தில் ஏற்படுத்தக்கூடும். முழங்கால் வலியுள்ள முதியவர் மெதுவாக அமர்வதில்லை; கடைசிச் சாணில் தொப்பென்றுதான் விழுவார். வெளியிட இருக்கைகளுக்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 581, 110 கிலோ வரையிலான பெரியவர்களை மனத்தில் கொண்டு, திரும்பத் திரும்ப அழுத்தியும் இடித்தும் சோதிக்கச் சொல்கிறது. அதன்படியோ, வேறு எந்தத் தரநிலையின்படியோ சோதித்திருந்தால் அதன் பெயரை எழுதுங்கள். சோதிக்கவில்லையென்றால் எண்ணையே போடாதீர்கள். மடங்கும்போது விரல் சிக்கும் இடைவெளிகளைக் குறித்து அதே தரநிலை எச்சரிப்பதையும் தயவுசெய்து புறக்கணிக்க வேண்டாம்.

நான் கேட்பது புதிதும் அன்று. 1877இல் ஃபென்பி என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற மடக்கு நாற்காலியில், கித்தான் இருக்கையின் நான்கு மூலைகளும் மரச்சட்டத்தின் நான்கு நுனிகளில் மாட்டப்பட்டன. இருக்கை கிழிந்தால் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் படைமுகாம்களில் புழங்கிய ரூர்க்கி நாற்காலி இன்னும் ஒரு படி மேல். அதன் கால்களும் குறுக்குக் கட்டைகளும் பசையில்லாமல் துளைகளில் பொருந்தி, அமர்பவரின் எடையாலும் வார்களின் இழுப்பாலும் இறுகி நின்றன. மேடுபள்ளமான தரையிலும் நான்கு கால்களும் பதிந்தன. டேனிஷ் வடிவமைப்பாளர் கார க்ளிண்ட் 1933இல் தம் சஃபாரி நாற்காலியை அதை அடியொற்றியே அமைத்தார்.

பராமரிப்பில் எங்கள் பங்கும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள். நாற்காலியோடு வரும் சீட்டில் ‘உலர்ந்த துணியால் துடைக்கவும்’ என்ற ஒரே வரிதான் இருக்கிறது. ஈரத்தோடு மடக்கிப் பையில் திணித்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பிடிக்கும் என்று எழுதுங்கள். மணல் புகுந்த கீலை முதலில் தூரிகையால் தட்டி நல்ல தண்ணீரில் அலச வேண்டும் என்றும், அதன் பிறகு எண்ணெய் விடாமல், மணலை ஈர்க்காத உலர் சிலிகான் மசகைப் பூச வேண்டும் என்றும் எழுதுங்கள். பூச்சு உரிந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து அன்றே சாயம் தொட்டுவிட்டால் துரு பரவாது. தேக்கு நாற்காலி வெயிலில் சாம்பல் நிறமாவது கேடு அன்று. அதைப் போக்க உயரழுத்த நீரைப் பாய்ச்சுவதுதான் மரத்தின் மென்பகுதியைப் பிய்த்தெடுத்துக் கேடு செய்யும். பருவத்துக்கு ஒருமுறை மூலைத் தையலை நகத்தால் கீறிப் பார்க்குமாறும் ஒரு வரி சேருங்கள். என் வீட்டில் யாராவது அப்படிப் பார்த்திருந்தால் என் தந்தை சரிந்திருக்க மாட்டார்.

அந்த நாற்காலியை நான் எறியவில்லை. பழைய துணியின் தையல்களைப் பிரித்து, செய்தித்தாளில் விரித்து ஓரங்களை வரைந்து, ஒரு தையல்காரரிடம் கொடுத்தேன். அவர் நான்கு மூலைகளிலும் அகல நாடாவை இரட்டையாக வைத்து, சதுரமும் அதனுள் பெருக்கல் குறியுமாகத் தடித்த நூலால் தைத்துத் தந்தார். இரண்டு ஆண்டுகளாக என் தந்தை அதில்தான் அமர்கிறார். அளவுகள் குறித்த அந்தச் செய்தித்தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்களில் எவர் மாற்றுத் துணி விற்க முன்வந்தாலும், அதன் படியையும் உளுத்த நூலோடு கூடிய பழைய மூலைப் பையையும் என் செலவிலேயே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாற்காலியில் அமரும் ஒருவரின் பிள்ளை